மதிலுக்கு அந்தப் பக்கத்து மூக்கு

தக்கலையில் தாலுகா ஆபீசுக்கு எதிர்வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டாவையும் ஆதாரையும் நீட்டுகிறவர்கள், தாள் மிஷினுக்குள் போய் வெளியே வருவதற்குள் ஒரு கேள்வியையும் நீட்டிவிடுகிறார்கள்.

"கிறிஸ்டல் அக்கா, நாகர்கோயில்ல ஆஸ்பத்திரியில கெடந்தியளாமே, என்ன சூக்கேடு?"

கொரோனா என்று சொன்னால் ஓரடி பின்னால் நகர்கிறார்கள். கொரோனா இல்லை, அது போன பிறகு வந்தது என்று சொன்னால் இரண்டடி முன்னால் வந்து, "அதெப்பிடி போன பொறவு வரும்?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அதை விளக்கி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர் சண்டைக்கு வருகிறார். எனக்கும் வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். இனி கேட்பவர்களுக்கு இதையே நகல் எடுத்துக் கொடுப்பேன். காசு வேண்டாம், படித்தால் போதும்.

இரண்டாவது அலை ஓய்ந்துகொண்டிருந்த நேரம் அது. எங்கள் ஆலயத்துக் கல்யாண மண்டபத்தில் தடுப்பூசி முகாம் போட்டார்கள். நாற்காலிகளை இடைவெளி விட்டுத்தான் போட்டிருந்தார்கள். நாங்கள்தான் இழுத்து நெருக்கிப் போட்டுக்கொண்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, வீட்டு விசேஷமெல்லாம் பேசினோம். ஊசி போட்டு மூன்று நாலு நாளில் எனக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. ஊசிக் காய்ச்சல் என்றார் என் வீட்டுக்காரர் எட்வின். ஊசிக் காய்ச்சல்தான் என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள் ஜெபிஷா. தெருவில் எல்லோருக்கும் அந்த வாரம் அதுதான் காய்ச்சல். ஜெபிஷாவுக்குத் தும்மல் வந்தது, அவருக்குத் தொண்டை கரகரத்தது. மழையில் நனைந்து ரப்பர் ஷீட்டை உள்ளே எடுத்துப் போட்டதால் என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. மாத்திரை போட்டோம், கஞ்சி குடித்தோம், எழுந்துவிட்டோம்.

அந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டு முத்துலெட்சுமியோடு எனக்குச் சண்டை வந்தது. அவளும் நானும் ஒரே வயசு. அவள் அய்யாவழிக்காரி, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கும்பிடும் தாங்கலுக்குப் போவாள். நான் ஆலயத்துக்குப் போவேன். இரண்டு பேரும் திரும்பி வந்து மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று குழம்பை மாற்றிக்கொள்வோம். அன்றைக்கு அவள் மதில்மேல் தலையை நீட்டிக் கத்தினாள்.

"ஏட்டி கிறிஸ்டல், உனக்க வீட்டுக்குள்ள என்னத்த செத்துக் கெடக்கு? நாத்தம் கொடலப் பெரட்டுது!"

"எனக்க வீட்டுல ஒண்ணும் சாவல. ஒரு நாத்தமும் இல்ல. உனக்க மூக்கக் கொண்டு டாக்டரட்ட காட்டு!"

உண்மையாகவே எனக்கு ஒரு நாற்றமும் வரவில்லை. எட்வினைக் கூப்பிட்டுக் கேட்டேன், அவரும் இல்லையென்றார். ஜெபிஷாவும் இல்லையென்றாள். மூன்று பேர் சாட்சி சொன்ன பிறகு எனக்கு வாய் நீளாமல் என்ன செய்யும்? பேச்சு எங்கெங்கோ போனது. கடைசியில் ஈக்கள் மொய்ப்பதைப் பார்த்துப் பின்னறையைத் திறந்தால், பழுக்கட்டும் என்று எட்வின் சாக்குக்குள் போட்டு மறந்துபோன கூழச்சக்கை ஒன்று வெடித்து, அழுகி, தரையெல்லாம் ஒழுகிக் கிடந்தது. சக்கை என்றால் எங்கள் ஊரில் பலாப்பழம். மூன்று பேருமாகத் தூக்கிக்கொண்டுபோய்த் தென்னங்குழியில் போட்டு மூடினோம். தப்பு என் பக்கம் என்று தெரிந்தாலும், அவள் என் வீட்டைச் சாவு வீடு என்று சொன்னதை நான் விடுவதாக இல்லை. அவளும் விடவில்லை. மதிலுக்கு மேல் குழம்புப் பாத்திரம் போவது நின்றது.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். கடையில் நின்றுகொண்டிருந்தபோது குளிர் உதறியது. வீட்டுக்கு வந்து படுத்தவள் எழவில்லை. இந்த முறை காய்ச்சல் மாத்திரைக்கு இறங்கவே இல்லை. வயிற்றின் வலது பக்கம் யாரோ உள்ளிருந்து முறுக்கிப் பிழிவது போல வலித்தது. கண் இரண்டும் செவசெவவென்று சிவந்தன, பீளை இல்லை, உறுத்தல் இல்லை. உள்ளங்கையில் செந்தடிப்பு. தக்கலையில் பார்த்த டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு இரண்டாம் தடவையும் பார்த்தார். அப்புறம் எட்வினிடம், "இஞ்ச வச்சிருக்காண்டாம். நேரா நாகர்கோயிலுக்குக் கொண்டு போங்க" என்றார்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரி. உள்ளே நுழைந்ததும் மூக்கில் குச்சி விட்டார்கள். கொரோனா இல்லை என்று வந்தது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார் எட்வின். எனக்கும் அப்போது அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. எலிக்காய்ச்சலுக்குப் பார்த்தார்கள், இல்லை. டெங்குவுக்கு, உண்ணிக் காய்ச்சலுக்குப் பார்த்தார்கள், இல்லை. ஒவ்வொரு "இல்லை"க்கும் ஒரு சிரிஞ்சு ரத்தம் போனது. வயிற்றை ஸ்கேன் செய்ததில் குடல்வால் பக்கத்தில் வீக்கமும் நீரும் தெரிந்தன.

அறுவை சிகிச்சை டாக்டர் வந்தார். நரைத்த மீசை, அவசரமில்லாத குரல். என் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு எட்வினிடம் சொன்னார்.

"குடல்வால் உடைஞ்சு உள்ள சீழ் கட்டியிருக்கலாம். அப்பிடின்னா நேரம் போகப்போக ஆபத்து. திறந்து பாத்தாத்தான் தெரியும்."

அப்போது இதயத்தை ஸ்கேன் செய்தவர்கள் வேறொன்று சொன்னார்கள். என் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ள வேண்டிய ரத்தத்தைத் தள்ளவில்லை. பாதி வேலைதான் செய்கிறது. மயக்க மருந்து கொடுத்தால் அது தாங்குமா என்பது சந்தேகம். காய்ச்சலுக்கும் வயிற்றுக்கும் வந்தவளுக்கு இதயம் எங்கேயிருந்து வந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். எட்வினின் முகத்தைப் பார்த்தேன். சட்டையின் பொத்தானைப் போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. செத்துப்போவேன் என்ற பயம்தான், அதை வேறு எந்த வார்த்தையிலும் சுற்றி வைக்க முடியாது.

என்னைப் பார்த்துக்கொண்ட பொது மருத்துவர் பெயர் ஷைலா. மார்த்தாண்டத்துப் பெண். சின்ன வயசுதான், ஆனால் கேள்வியை விடமாட்டாள். அவள் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லணும். போன ரெண்டு மாசத்துல வீட்டுல யாருக்காவது கொரோனா வந்ததா? காய்ச்சல், இருமல்?"

"யாருக்கும் இல்ல. எனக்கு ஊசி போட்ட காய்ச்சல் மட்டும்."

"மணம் தெரியாம, ருசி தெரியாம இருந்துதா?"

"அதெல்லாம் இல்ல."

எட்வினும் இல்லையென்றார். நாங்கள் பொய் சொல்லவில்லை. சத்தியமாக அப்படித்தான் நம்பினோம்.

அவள் சந்தேகப்பட்டது இதைத்தான். கொரோனா வந்து போன சிலருக்கு, வைரஸ் போய்ச் சில வாரம் கழித்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடங்காமல் தன் உடம்பையே தாக்கத் தொடங்கும். குழந்தைகளுக்குத்தான் அதிகம் வரும், பெரியவர்களுக்கு அபூர்வம். கண் சிவக்கும், தடிப்பு வரும், வயிறு குடல்வால் வலி மாதிரியே வலிக்கும், இதயம் சோர்ந்துபோகும். அதற்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஸ்டீராய்டு மருந்து கொடுத்து எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் போதும். ஆனால் வயிற்றுக்குள் நிஜமாகவே சீழ் இருந்து, அதுமேல் ஸ்டீராய்டு கொடுத்தால், கிருமிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். ஆக, கத்தி வைத்தால் இதயம் நின்றுபோகலாம். மருந்து வைத்தால் சீழ் பரவலாம். எது என்று தெரியாமல் இரண்டில் ஒன்றைச் செய்ய யாருக்கும் தைரியம் வரவில்லை. எனக்குக் கொரோனா வந்ததா இல்லையா என்ற ஒரே கேள்வியில் என் உயிர் தொங்கியது.

ரத்தத்தில் கொரோனாவுக்கான எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று அந்த ஆஸ்பத்திரியிலேயே பார்த்தார்கள். இருக்கிறது என்று வந்தது. எட்வின் எழுந்தே விட்டார். அறுவை சிகிச்சை டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஊசி போட்டிருக்காங்களே. ஊசி போட்டாலும் இது இருக்கும். இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. சாயந்தரத்துக்குள்ள திறந்துடுவோம்."

எட்வின் மறுபடி உட்கார்ந்தார். சம்மதக் கையெழுத்து வாங்க நர்ஸ் வந்தபோது, "கொஞ்சம் பொறுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். கழுவாத முகத்தை நான் பார்க்கக் கூடாது என்றுதான் போயிருப்பார்.

நான் இருந்தது தீவிர சிகிச்சைக்குப் பக்கத்து வார்டு. திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில் இனயம் கடற்கரையிலிருந்து வந்த மீன்காரி ஸ்டெல்லா, மூச்சுத்திணறலில் வந்து தேறிக்கொண்டிருந்தாள். வந்த அன்றைக்கே என்னிடம், "அக்கா, எனக்க துணிமணி எல்லாம் மீன் மணக்கும், பொறுத்துக்கிடுங்க" என்று கூச்சப்பட்டாள். "ஒரு மணமும் இல்லம்மா" என்றேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் தனிப் பிரியமாக இருந்தாள். வலியில் நான் முனகினால் திரையை விலக்கி, "மாதாவே, இவளக் காத்துக்க" என்று சத்தமாகச் சொல்லுவாள்.

அன்று மதியம் கண்ணைத் திறந்தால், எட்வின் உட்காரும் நாற்காலியில் முத்துலெட்சுமி உட்கார்ந்திருக்கிறாள். துணைக்கு ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. அவரைச் சாப்பிட அனுப்பிவிட்டு அவருடைய பாஸை வாங்கிக்கொண்டு ஏறி வந்திருக்கிறாள். மடியில் கஞ்சித்தூக்கு. சண்டைக்குப் பிறகு நாங்கள் பேசவே இல்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஜெபிஷா எனக்கட்ட சோறு தின்னுகா. வீட்டப் பத்திக் கவலப்படாண்டாம்."

அவள் முந்தானையில் முடிந்திருந்த சின்னப் பொட்டலத்தை அவிழ்த்தாள். தாங்கலிலிருந்து கொண்டுவந்த திருநாமம், வெள்ளை மண்.

"நீ வேதக்காரி, நெத்தியில இட மாட்ட. தலகாணிக்கு அடியில வைக்கேன். அது பாட்டுக்குக் கெடக்கட்டு."

"நெத்தியிலயே இடு" என்றேன். அவள் இடவில்லை, தலையணைக்கு அடியில்தான் வைத்தாள். என் நம்பிக்கையில் கை வைக்காமல், எனக்காகச் சாமியிடம்கூட அளந்து கேட்கிறாளே என்று அழுகை வந்தது. அழுதால் வயிறு வலிக்கும் என்பதால் அவள் பேச்சை மாற்றினாள். என்னைச் சிரிக்க வைப்பதாக நினைத்து, பழைய சண்டையையே எடுத்தாள்.

"எனக்க மூக்க டாக்டரட்ட காட்டச் சொன்னியே ஏட்டி. இப்பம் டாக்டருவ எல்லாம் இஞ்சதான் இருக்காவ, காட்டட்டா?"

"காட்டு. உனக்க மூக்குதான் கோளாறு."

"எனக்கா கோளாறு? தெருவே மூக்கப் பொத்திட்டு நடந்துது. நீங்க மூணு பேரும் அந்த அழுகின சக்கைய மல்லியப்பூ சொமக்கது மாதிரி சொமந்திட்டுப் போனிய. ஒருத்தர் கை மூக்குக்குப் போவலியே! நான் மதில்ல நின்னு பாத்திட்டு, என்ன இன மனுசரோன்னு நெனச்சேன்."

திரைக்குப் பக்கத்தில் காலடி நின்றது. ஸ்டெல்லாவைப் பார்க்க வந்திருந்த ஷைலா, கையில் ஸ்டெதாஸ்கோப்போடு எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க இப்ப சொன்னத மறுபடி சொல்லுங்க."

முத்துலெட்சுமி பயந்துபோய் எழுந்தாள். பாஸ் மாற்றி வந்ததற்குத்தான் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தாள். "நான் இப்பம் போயிருகேன் டாக்டரே" என்றாள்.

"போகாண்டாம். அந்தச் சக்கைக் கதையச் சொல்லுங்க. மூணு பேருக்குமே நாத்தம் தெரியலியா? எப்ப?"

முத்துலெட்சுமி சொன்னாள். ஊசி முகாம் முடிந்த அடுத்த வாரம் என்று அவளுக்குத் தெளிவாக நினைவிருந்தது, ஏனென்றால் அவளுக்கும் அங்கேதான் ஊசி. ஷைலா ஸ்பிரிட் நனைத்த பஞ்சை எடுத்து, என் கண்ணை மூடச் சொல்லி, மூக்கடியில் பிடித்தாள்.

"என்ன மணம் வருது?"

"ஒண்ணும் இல்லியே. என்னத்த வச்சிருக்கீங்க?"

திரைக்கு அப்பால் ஸ்டெல்லா உரக்கச் சொன்னாள். "ஐயோ டாக்டரே, எனக்க மேல மீன் மணம் இல்லேன்னு சொன்னாவ இந்த அக்கா! நான் இவிய நல்ல மனசுக்காரின்னுல்லா நெனச்சேன்!"

அந்த வலியிலும் நான் சிரித்தேன். சிரித்ததற்கு வயிறு நன்றாகத் தண்டனை கொடுத்தது. எட்வின் சாப்பிட்டுவிட்டு வந்ததும் அவரையும் விசாரித்தார்கள். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து குழம்பில் உப்புக் குறைவு, உப்புக் கூடுதல் என்று சொல்லாமல் கையைக் கழுவாத மனுஷன் அவர். அந்த வாரம் மட்டும் வைத்ததை வாய் திறக்காமல் சாப்பிட்டார். காய்ச்சல்காரி சமைக்கிறாளே என்ற இரக்கம் என்று நான் நினைத்து மகிழ்ந்திருந்தேன். ஒரு ருசியும் தெரியாமல்தான் சாப்பிட்டாராம், தொண்டைக் கரகரப்பால் என்று நினைத்து அதை மறந்தும் போனாராம். எனக்கு ருசி தெரியாததை நான் காய்ச்சல் வாய் என்று நினைத்தேன். போதாக்குறைக்கு நாள் முழுக்க முகக்கவசம். அதற்குள் என்ன மணம் வரப்போகிறது?

ஷைலா போய் அறுவை சிகிச்சை டாக்டரைக் கையோடு கூட்டி வந்தாள். கட்டில் பக்கத்திலேயே இரண்டு பேரும் பேசினார்கள்.

"சார், வீட்டுல மூணு பேருக்கும் மணம் போயிருக்கு. கொரோனாதானான்னு உறுதிப்படுத்த இன்னொரு டெஸ்ட் இருக்கு. திருவனந்தபுரத்துல பண்ணுறாங்க. லேப் வண்டி இப்ப கிளம்பினா நாளைக்குக் காலையில தெரிஞ்சிரும். அதுவரைக்கும் கத்தி வேண்டாம்."

அவர் என் வயிற்றை மறுபடியும் அழுத்திப் பார்த்தார். "வலி கூடினாலோ, வயிறு இறுகினாலோ உடனே திறப்பேன். அதுவரைக்கும் சரி" என்றார்.

இந்தச் சோதனை என்ன என்று நான் ஷைலாவைக் கேட்டேன். என் உயிரை ஒரு குப்பியில் அடைத்து எல்லை தாண்டி அனுப்புகிறார்கள், எதற்கென்று தெரிந்தாக வேண்டுமே. அவள் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன்.

"அக்கா ஜெராக்ஸ் கடைதானே? வைரஸ ஒரு புஸ்தகம்னு வச்சுக்கிடுங்க. மேல அட்டையில முள்ளு முள்ளா ஒரு புரதம் இருக்கு. உள்ள வேற பக்கங்கள் இருக்கு, அதுலயும் ஒரு புரதம். உங்களுக்குப் போட்ட ஊசி, அட்டைய மட்டும் ஜெராக்ஸ் எடுத்து உடம்புக்குக் காட்டுற வகை. உள் பக்கத்த அது காட்டவே செய்யாது. அப்போ உங்க ரத்தத்துக்கு உள் பக்கம் மனப்பாடமா இருந்தா?"

"முழுப் புஸ்தகமும் கையில வந்திருக்கு."

"அவ்வளவுதான்."

"அப்பம் அந்த லேபுல வைரஸ வச்சிருக்காவளா? அங்க வேல பாக்கவியளுக்கு ஒட்டாதா?"

"வைரஸே கிடையாது. அந்த ஒரு பக்கத்துக்கான குறிப்ப மட்டும், ஒண்ணும் செய்யாத பாக்டீரியாவுக்குள்ள வச்சு வளத்தா, அது அந்தப் புரதத்தச் செஞ்சு தரும். லேபுல செஞ்ச ஜெராக்ஸ். அதுக்கு யாரையும் கடிக்கப் பல்லு இல்ல."

அந்தப் புரதத்தைப் பிளாஸ்டிக் தட்டில் இருக்கும் சின்னச் சின்னக் குழிகளின் அடியில் ஒட்டி வைத்திருப்பார்களாம். ரத்தத்திலிருந்து தெளிந்த நீரை எடுத்து அந்தக் குழியில் விடுவார்கள். அதில் உள் பக்கத்தை அறிந்த எதிர்ப்புப் பொருள் இருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும். எத்தனை தடவை கழுவினாலும் போகாது. பிறகு நிறம் காட்டும் மருந்தை விட்டால், ஒட்டியிருக்கும் குழி மஞ்சளாகும், ஒட்டாத குழி தண்ணீராகவே கிடக்கும். சாதாரணச் சளி உண்டாக்கும் இதே குடும்பத்து வைரஸ்களின் உள் பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் என்பதால், அவற்றின் புரதத்தையும் தனிக் குழிகளில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். சளிக் காய்ச்சலைக் கொரோனா என்று தப்பாகச் சொல்லிவிடக் கூடாதல்லவா? எனக்குப் புரிந்தது. புரிந்ததும் பயம் கொஞ்சம் இறங்கியது. என்ன நடக்கிறதென்று தெரியாமல் படுத்திருப்பதுதான் வலியைவிடக் கொடுமை.

சாயங்காலம் முழுக்க எட்வின் என் காலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். என் தலைமுடி சிக்கு விழுந்து கிடந்தது. ஜெபிஷாவிடம் போனில் கேட்டுக் கேட்டு, தப்பும் தவறுமாக ஒரு பின்னல் போட்டுவிட்டார். எங்கள் போதகர் போனிலேயே ஜெபித்தார். ஸ்டெல்லா ஜெபமாலை உருட்டினாள். தலையணைக்கு அடியில் திருநாமம் இருந்தது. உதவி எந்த வாசல் வழியாக வந்தாலும் சரி, வந்தால் போதும் என்று நான் கிடந்தேன். "மஞ்சளா வரணும் ஆண்டவரே" என்பதுதான் என் ஜெபம். ரத்தத்தில் நோயின் தடம் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே பைத்தியக்காரி நானாகத்தான் இருப்பேன்.

விடிந்து வெயில் ஏறிய பிறகு ஷைலா வந்தாள். நடையிலேயே தெரிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"மஞ்சள், அக்கா."

"நல்ல மஞ்சளா?"

"நல்ல மஞ்சளாம். அங்க உள்ளவியட்ட நானே கேட்டேன். சளி வைரஸ் குழி எல்லாம் வெளுத்துப்போய்க் கெடக்காம். உங்களுக்கு வந்திருக்கு. வந்து போயிருக்கு."

எட்வின் என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதார். இந்த முறை பாத்ரூமுக்குப் போகவில்லை.

அன்றைக்கே ஸ்டீராய்டு ஏற்றத் தொடங்கினார்கள். கூடவே இன்னொரு மருந்து, முகம் தெரியாத எத்தனையோ பேர் தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் பொருள்கள். என் எதிர்ப்புச் சக்தி போட்ட ஆட்டத்தை அடக்க மற்றவர்களின் எதிர்ப்புச் சக்தி வந்தது. விலை கூடிய மருந்து அது. வளைகுடாவில் இருக்கும் கொழுந்தன் கொஞ்சம் அனுப்பினார். மீதி என்ன செய்தார் என்று எட்வின் இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அடுத்து வயிறு. பிறகு கண் வெளுத்தது. மறுபடி இதயத்தை ஸ்கேன் செய்தபோது, அது சோம்பல் முறித்து எழுந்து வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தது. அறுவை சிகிச்சை டாக்டர் கடைசியாக ஒருமுறை வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"கத்தித் தழும்பு இல்லாமத் தப்பிச்சிட்டீங்க, அம்மா. பக்கத்து வீட்டுக்காரிக்குச் சேலை எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். நிறம் பிடிக்கவில்லை என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் சரியானது, மூக்கைத் தவிர. எட்வினுக்கும் ஜெபிஷாவுக்கும் அதற்குள் மணம் திரும்பியிருந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. வரும், நாளாகும், பொறுங்கள் என்றாள் ஷைலா. கிராம்பு, எலுமிச்சைத் தோல் என்று தினமும் மூக்கில் வைத்து இழுத்துப் பழகச் சொன்னாள். பழகினேன். கிராம்பும் ஒன்றுதான், கரிக்கட்டையும் ஒன்றுதான். வாய்க்கு வக்கணையாகச் சமைத்தவள், கைக்கணக்கில் சமைத்தேன். பால் பொங்கிக் கருகினாலும் எனக்குத் தெரியாது. ஆனால் முத்துலெட்சுமிக்குத் தெரியும்.

"ஏட்டி, உனக்க அடுப்புல பாலு!" என்று மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். "மீன் கெட்டுப் போச்சு, கொண்டு கொட்டு!" என்று வரும். ஒருநாள் கேஸ் சிலிண்டர் கசிந்தபோது, அவள் மதிலைச் சுற்றி வரப் பொறுமையில்லாமல் ஏறிக் குதித்தாள். ஏறக்குறைய ஒரு வருஷம் என் வீட்டுக்கு மூக்கு அவள்தான்.

மறு சக்கைக் காலமும் வந்தது. பின்மதியம், கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ மூக்கைக் குத்தியது. முதலில் என்னவென்று புரியவில்லை. கையிலிருந்த சேலையை மோந்து பார்த்தேன், அது இல்லை. காற்று மதில் பக்கமிருந்து வந்தது. இனிப்பாக, கருகலாக, அடிவயிற்றைத் தொடும் ஒரு மணம். நான் ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு மதிலுக்கு ஓடி, இருந்த சத்தத்தையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"ஏட்டி முத்துலெட்சுமி! உனக்க அடுப்புல சக்கை அடிபிடிக்கு!"

அவள் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். துள்ளி எழுந்தாள். அடுக்களையைப் பார்த்து ஓட எடுத்த காலை நடுவில் நிறுத்தினாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என்னத்த சொன்ன?"

"சக்கை கரியுது, போய்ப் பாரு!"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் மூக்கைத் தொட்டுக் காட்டினேன். அவள் அடுக்களைக்குப் போகவில்லை. மதிலுக்கு ஓடி வந்து, கீரைக் கையோடு என் கன்னம் இரண்டையும் பிடித்துக்கொண்டு, "கரியட்டு, மக்கா, நல்லாக் கரியட்டு" என்று அழுதாள். சட்டி முழுக்கக் கருகும்வரை நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்று அந்த மணத்தை மூச்சு மூச்சாக இழுத்தோம்.